ஆபரேஷன் முடிந்த பிறகும் ஏன் இத்தனை இரத்தப் பரிசோதனை?



தாயாரிடமிருந்து ஒரு சிறுநீரகத்தைப் பெற்றுக்கொண்ட வாலிபன் ஒருவனைப் பற்றி சென்ற இதழில் நாலைந்து வரி எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு சபையின் பொருளாளர் எனக்குக் கடிதம் எழுதினார். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்து சந்தோஷப்பட்டோம். ஆனால் நாங்கள் அனுப்பிய தொகையில் பெரும்பகுதி அதற்குப் பிறகு இரத்தப் பரிசோதனைக்கே போயிருக்கிறது. சுகமாகி வீட்டுக்குப் போனவனுக்கு எதற்கு ஐயா இத்தனை சோதனை?" என்று கேட்டிருந்தார்.

கணக்கு எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். தபாலட்டையில் பதில் எழுத உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. ஆகவே ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்தவன். ஆனாலும் வருஷக்கணக்காக வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து பழகியவனுக்கு, நோயாளிகளின் கையிலிருக்கும் சீட்டைப் படிக்கத் தெரியாமல் போனால் ஆறுதல் சொல்லவும் வராது. அதனால் எங்கள் சிறுநீரகப் பிரிவு டாக்டர்களையும் இரத்தம் எடுக்கிற பெண்களையும் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். அந்த வாலிபனைப் பற்றி எழுதுவது அவனுடைய சம்மதத்தோடுதான். பேரும் ஊரும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு நாலு மாதம் கழித்து அவன் மறுபடியும் வார்டில் சேர்க்கப்பட்டான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் தாராளமாகவே போய்க்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாயார் வெளியே வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, என்னோட கிட்னியை அவன் உடம்பு தள்ளுதாமே. நான் குடுத்தது அவனுக்கு ஆகலியா?" என்று கேட்டார். வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நிராகரிப்பு" என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. லாபில் அதற்கு ஒரு பொருள், வராந்தாவில் நிற்கும் தாய்க்கு வேறொரு பொருள். கொடுத்ததை வேண்டாம் என்று பிள்ளையே திருப்பித் தந்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது என்ன என்று அந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவின் மேலும் சில அடையாளங்கள் இருக்கின்றன. இவற்றில் முக்கியமானவற்றை எச்.எல்.ஏ. என்று சொல்லுகிறார்கள். 1958-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் டோசே இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். அதற்காக 1980-ல் நோபல் பரிசும் பெற்றார். இந்த அடையாளங்களில் ஒரு பாதி தகப்பனிடமிருந்தும் மறுபாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே பெற்ற தாயின் சிறுநீரகமே ஆனாலும் பாதி அடையாளம்தான் மகனுக்குப் பொருந்தும். மற்றப் பாதி அவருடைய தாய் தகப்பன் வழியில் வந்தது. மகனுடைய உடம்பு அதை ஒருநாளும் பார்த்ததில்லை. இரத்தத்திலிருக்கும் வெள்ளணுக்கள் இராக்காவலர் மாதிரி. முகம் தெரியாத ஆள் உள்ளே இருந்தால் தடியை எடுக்கத்தான் செய்யும். வந்திருப்பது திருடனா, உதவிக்கு வந்த உறவினரா என்று கேட்க அவற்றுக்குத் தெரியாது. அன்போ வெறுப்போ இதில் ஒன்றும் கிடையாது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டிப் பார்த்தபோது பீட்டர் மெடவார் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒட்டிய தோல் சில நாட்களில் அழிந்தது. அதே மனிதரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் முன்னைவிட வேகமாக அழிந்தது. உடம்பு அந்நியத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1954 டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றிபெற்றதற்கும் இதுதான் காரணம். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள். அடையாளம் முழுவதும் ஒன்று. காவலர்களுக்கு வேலை இல்லை. பெற்றவர் அதன்பின் எட்டு வருஷம் உயிரோடிருந்தார்.

இரட்டைப் பிறவி இல்லாத மற்றவர்களுக்கு, காவலரைக் கொஞ்சம் தூங்க வைக்கும் மருந்து வேண்டியிருந்தது. 1960-களில் அசதையோப்ரின் வந்தது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று நடந்தபோது கையிலிருந்தது இந்த அசதையோப்ரினும் ஸ்டீராய்டு மாத்திரையுந்தான். பிறகு நார்வே தேசத்து மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரினும், ஜப்பான் தேசத்து சுகுபா நகர மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸும் கிடைத்தன. இன்று நம் நோயாளிகளில் அநேகர் விழுங்குவது இந்த டாக்ரோலிமஸைத்தான். சுவிசேஷத்தில் மண்ணைப் பூசிக் கண் திறந்த மனிதனை நினைத்துக்கொள்ளாமல் என்னால் இதை எழுத முடிவதில்லை. போகட்டும், விஷயத்துக்கு வருவோம்.

காவலரை முழுவதும் தூங்க வைத்துவிட்டால் கண்ட கண்ட கிருமியெல்லாம் உள்ளே புகுந்துவிடும். போதுமான அளவு தூங்க வைக்காவிட்டால் எழுந்து சிறுநீரகத்தை அடிக்கும். மாற்று செய்துகொண்ட ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றின்மேல் நடக்கிறார்கள். அந்த நடை நேராக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில், தொடைக்கு மேலே பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள், சிறுநீர்க் குழாயைத் தைக்கிறார்கள். ஆனால் அறுபட்ட நரம்புகளைத் தைப்பதில்லை. ஆகவே உள்ளே சண்டை நடந்தாலும் பெரும்பாலும் வலி தெரிவதில்லை. பழைய நாட்களில் காய்ச்சல், வீக்கம், சிறுநீர் குறைவு என்று அறிகுறிகள் வரும். இப்போதைய மருந்துகள் அந்த அறிகுறிகளையும் அமுக்கிவிடுகின்றன. நம் வாலிபன் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

அப்படியானால் அவனை எது காட்டிக்கொடுத்தது? கிரியாட்டினின்.

நம் தசைகளில் கிரியாட்டின் என்றொரு பொருள் உண்டு. அதில் ஒரு சிறு பங்கு தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் கிரியாட்டினின் என்ற கழிவாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது. வடிகட்டி மந்தமானால் அது இரத்தத்தில் தேங்கி அளவு ஏறும். இதற்கான நிறச் சோதனையின் வேர் 1886-ல் இருக்கிறது. மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பிக்ரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்தால் கிரியாட்டினின் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் காட்டுவதைக் கண்டார். குண்டுகளுக்குள் அடைத்த அதே பிக்ரிக் அமிலந்தான்! இன்றும் அநேக லாபுகளில் இந்த முறையே நடக்கிறது. நொதியைக் கொண்டு அளக்கும் புதிய முறையும் உண்டு. மற்றச் சோதனைகளோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை இருக்கும் என்று சீட்டில் அச்சடித்திருப்பார்கள். மாற்று செய்துகொண்டவர் அந்த அச்சடித்த எண்ணைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. பயில்வானுக்கு 1.3 இருந்தாலும் குறையில்லை. எலும்பும் தோலுமான பாட்டிக்கு 1.1 என்றாலே சிறுநீரகம் பாதி போயிருக்கலாம். தசை எவ்வளவோ அவ்வளவு கிரியாட்டினின். ஆகையால் அவரவருக்கு ஆபரேஷனுக்குப் பின் நிலைத்த எண் எதுவோ அதுதான் அவருக்கு அளவுகோல். நம் வாலிபனுக்கு அது 1.1. இந்த முறை 1.6 என்று வந்தது. வேறொருவர் சீட்டில் 1.6 என்றால் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கலாம். இவனை அன்றே படுக்க வைத்தார்கள்.

இங்கே நம் பொருளாளரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கிறது. ஒரே ஒரு எண்ணால் பயனில்லை; வரிசையாக எண்கள் வேண்டும். 2009-ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறி இப்படிச் சொல்கிறது: முதல் வாரம் தினமும், அந்த மாதத்தின் மீதி வாரங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் வாரத்துக்கு ஒன்று, ஆறாம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, வருஷம் முடியும்வரை மாதத்துக்கு ஒன்று, அதன்பின் சிறுநீரகம் உயிரோடிருக்கும் காலமெல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் மாதங்களில் அதிகமாய் இருப்பதற்குக் காரணம், திடீர்த் தாக்குதல் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

மறுபாதி பதில் கொஞ்சம் சிக்கலானது. கிரியாட்டினின் கதவு மணி மாதிரி. அடிக்கும், வந்திருப்பது யார் என்று சொல்லாது. சித்திரை வெயிலில் பேதியாகி நீர் வற்றினாலும் ஏறும். முந்தின நாள் கல்யாண விருந்தில் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்தாலும் கொஞ்சம் ஏறும். சிறுநீர்க் குழாய் அடைத்தாலும், சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும் ஏறும். டாக்ரோலிமஸ் அளவுக்கு மிஞ்சினால் அந்த மருந்தே சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஏற்றிவிடும். பி.கே. வைரஸ் என்ற ஒன்று தலைதூக்கினாலும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், தாக்குதல் வந்தாலும் ஏறும்.

சங்கடம் என்னவென்றால், இவற்றுக்குச் செய்யும் வைத்தியங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. தாக்குதல் என்றால் காவலரை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்து மிஞ்சியிருந்தாலோ வைரஸ் வந்திருந்தாலோ அதே மருந்தைக் குறைக்க வேண்டும். ஊகித்து வைத்தியம் செய்தால் சரியாயிருக்க எவ்வளவு வாய்ப்போ, தாய் கொடுத்த சிறுநீரகத்தை நாமே கொல்லவும் அவ்வளவு வாய்ப்பு. அதனால்தான் மணி அடித்தவுடன் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் இரத்தம் எடுக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரே நாளில் மூன்று நான்கு வரி விழுவதும் இதனால்தான்.

ஊதா மூடி போட்ட குழாய் மருந்தளவுக்கு. டாக்ரோலிமஸ் சிவப்பணுக்களுக்குள் ஒட்டிக்கொள்வதால் இரத்தத்தை உறையவிடாமல் முழுசாக அனுப்ப வேண்டும். அளக்கும் அலகு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. நாலாம் மாதத்தில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அப்படிப்பட்ட எட்டு அல்லது பத்துப் பங்கு இருந்தால் திருப்தி என்று எங்கள் டாக்டர்கள் சொல்கிறார்கள். உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தத்தையும் சேர்த்தால்கூட ஒரு உப்புக்கல் எடைதான் தேறும். அவ்வளவு சிறிய இடத்தில் கூடுதலும் குறைவும் உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சோதனைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பு, அதாவது இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மருந்து இரத்தத்தில் மிகவும் குறைந்திருக்கும் வேளையில் எடுக்க வேண்டும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் எண் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். நம் வாலிபனுக்கு வந்த எண் 14. பார்த்தவர்கள் எல்லாரும், மருந்து மிஞ்சியிருக்கிறது, குறைத்தால் சரியாகிவிடும் என்றே நினைத்தார்கள். மாத்திரையைக் குறைத்து எழுதப் பேனாவையும் எடுத்தாயிற்று. அப்போது அனுபவமுள்ள ஒரு சிஸ்டர், "தம்பி, காலையில் எத்தனை மணிக்கு மாத்திரை போட்டே?" என்று கேட்டார். பேருந்து நிலையத்தில் டீயோடு விழுங்கிவிட்டு நேராக லாபுக்கு வந்ததாகச் சொன்னான். அந்த 14 ஒரு பொய் எண். மறுநாள் விதிப்படி எடுத்தார்கள். வந்தது 3.8.

ஏன் இவ்வளவு குறைந்தது? டாக்டர்கள் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் யாராவது கொடுத்தார்களா? அந்த மருந்து கல்லீரலைத் தூண்டிவிட்டு டாக்ரோலிமஸை எரித்துத் தீர்த்துவிடும். நம் நாட்டில் இதை முதலில் கேட்டாக வேண்டும். இல்லை என்றான். வலிப்பு மாத்திரை? இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: சில பூஞ்சை மருந்துகளும், எரித்ரோமைசின் வகை மருந்துகளும், பம்பளிமாஸ் பழமும் அளவை ஏற்றிவிடும். இந்தக் குணத்தையே தந்திரமாகப் பயன்படுத்தி, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டில்டையாசெம் என்ற மலிவான மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, விலையுயர்ந்த மருந்தின் தேவையைக் குறைக்கிற பழக்கமும் நம் நாட்டு மருத்துவர்களிடம் உண்டு. ஏழை நாட்டு வைத்தியத்தின் கெட்டிக்காரத்தனம் என்று நான் இதை ரசிப்பதுண்டு.

அவன் டாக்டர்களிடம் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றே சொன்னான். சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னான். லேத் பட்டறையில் இரண்டு மாதமாகச் சம்பளம் இழுத்தடித்திருக்கிறது. அட்டை தீர்ந்தால் வாங்கக் கையில் காசில்லை. அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை. ஏற்கெனவே அவர்களிடம் எடுத்துக்கொண்டதே போதும் என்று பட்டதாம். ஆகவே இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கியிருக்கிறான். "உடம்பு ஒண்ணும் பண்ணலியே ஐயா. நல்லாத்தானே இருந்தேன்" என்றான். நல்லாத்தான் இருந்தான். அதுதான் இந்த நோயின் ஏமாற்று. நான் டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றான்.

மருந்து குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் தாக்குதல் என்று முடிவுகட்டிவிடலாமா? அதுவும் கூடாது. வைரஸ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பி.கே. வைரஸை 1971-ல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே அதற்குப் பெயராகிவிட்டன. நம்மில் அநேகருக்குச் சிறு வயதிலேயே தொற்றிச் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். காவல் தளரும்போது எழும்பும். பி.சி.ஆர். முறையில் இரத்தத்தில் அதன் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். இவனுக்கு இல்லை என்று வந்தது.

அடுத்தது எதிர்ப்புப் பொருள் சோதனை. வெள்ளணுக்கள் நேரே வந்து தாக்குவது ஒரு விதம். கொடுத்தவரின் எச்.எல்.ஏ. அடையாளத்துக்கு எதிராக எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி இரத்தத்தில் அனுப்பித் தாக்குவது இன்னொரு விதம். இது அடக்குவதற்குக் கடினம். இதைப்பற்றி உலகத்துக்குக் கண் திறந்தவர்கள் படேல், டெராசாகி என்ற இருவர். 1969-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: ஆபரேஷனுக்கு முன்பே கொடுப்பவருக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகவே செயலிழந்தது; அப்படி இல்லாத 195 பேரில் 8 பேருக்குத்தான். அதற்குப் பிறகு இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்த பின்பே மாற்று செய்வது வழக்கமாயிற்று. டெராசாகி, போர்க்காலத்தில் குடும்பத்தோடு அமெரிக்க முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளிச் சிறுவன். அந்நியன் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளை, உடம்பு அந்நியத்தை எப்படி இனங்காண்கிறது என்று சொல்லிக் கொடுத்தான்.

ஆபரேஷனுக்கு முன் இல்லாத எதிர்ப்புப் பொருள் பின்னால் புதிதாகவும் முளைக்கலாம். மருந்தை விட்டுவிட்டு எடுப்பவர்களிடம் இது அதிகம். இப்போது ஒவ்வொரு மணியின்மேலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. அடையாளத்தைப் பூசிய நுண்ணிய நிற மணிகளை இரத்தத்தோடு கலந்து, எந்த மணியில் எவ்வளவு ஒட்டுகிறது என்று கருவியால் பார்க்கிறார்கள். இது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் சோதனை. பொருளாளர் அடிக்கோடிட்ட பெரிய தொகை இதுதான் என்று நினைக்கிறேன். இவனுக்கு எதிர்ப்புப் பொருள் இல்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

இன்னும் புதிதான ஒரு சோதனையும் உண்டு. இவனுக்குச் செய்யவில்லை; ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. சிறுநீரகத்தின் உயிரணுக்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் சிதறுகின்றன. 1998-ல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும், ஆண்களிடமிருந்து உறுப்புப் பெற்ற பெண்களின் இரத்தத்தில் ஆண்களுக்கே உரிய குரோமோசோம் துணுக்குகளைக் கண்டார்கள். கொடுத்தவரின் கையெழுத்து பெற்றவரின் இரத்தத்தில்! இப்போது ஆண் பெண் வேறுபாடு இல்லாமலே பிரித்தறிய முடிகிறது. இரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் நூற்றுக்கு ஒன்றுக்குமேல் கொடுத்தவருடையதாக இருந்தால் உள்ளே காயம் நடக்கிறது என்று சந்தேகிக்கிறார்கள். கிரியாட்டினின் ஏறுமுன்பே சிலரிடம் இது ஏறுகிறது. ஆனால் விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. எதிர்ப்புப் பொருளால் வரும் தாக்குதலை நன்றாகக் காட்டும். வெள்ளணுக்களின் லேசான தாக்குதலைச் சில வேளை தவறவிடும். காயம் என்று சொல்லுமே தவிர, காயப்படுத்தியவர் யார் என்று இதுவும் சொல்லாது. வருகிற விளம்பரங்களைப் பார்த்து, இனி ஊசியே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏனென்றால் கடைசி சாட்சி இன்றுவரை சிறுநீரகத் திசுதான். புதிய சிறுநீரகம் தோலுக்குச் சற்று உள்ளேயே இருப்பதால், மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, நூல் போன்ற துணுக்கை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எதை எந்த அளவு தாக்குதல் என்று அழைப்பது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கு இருந்தது. 1991-ல் கனடா தேசத்து பான்ஃப் என்ற மலையூரில் நிபுணர்கள் கூடி ஒரே வகைப்பாட்டை வகுக்கத் தொடங்கினார்கள்; அது அவ்வப்போது திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து செய்வது, இந்த ஊசி யாருக்கு, எப்போது வேண்டும் என்று சொல்வதே. வேண்டாதவருக்குக் குத்தாமல் காப்பதும் அவைதான்.

இவனுக்கு ஊசி போட்டார்கள். வெள்ளணுக்களின் தாக்குதல்; கடுமையானதல்ல. மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், டாக்ரோலிமஸை இரண்டு வேளையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். இந்தவகைத் தாக்குதல் சீக்கிரம் பிடிபட்டால் பெரும்பாலும் இதற்கே அடங்கும். நாலாம் நாள் 1.5. ஏழாம் நாள் 1.3. அந்த வாரம் தினமும் காலை ஆறரைக்கு இரத்தம் எடுக்க வரும் பெண்ணின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் அந்தத் தாயார் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மகனுடைய கிரியாட்டினின் எண்கள் அத்தனையும் தேதியோடு மனப்பாடமாகச் சொல்லுவார். பாதி அடையாளந்தான் பொருந்தும் என்று நான் விளக்கியது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அப்ப மீதிப் பாதி எங்கப்பா வீட்டு வழியா? அவங்க எப்பவுமே ஒத்துப்போக மாட்டாங்க ஐயா" என்று சிரித்தார்.

மாத்திரையைக் குறைத்த சங்கதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் மாத்திரை அட்டைகளை மகனிடமிருந்து வாங்கித் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். "காலையில ஒன்பது, ராத்திரி ஒன்பது. என் கையாலதான் குடுப்பேன். ரத்தம் குடுக்கிற நாள்ல மட்டும் குடுத்துட்டு வந்தப்புறம்" என்று அந்த சிஸ்டரிடம் ஒப்பித்தார்.

பொருளாளர் ஐயா அவர்களுக்கு: அந்தப் பதினோரு நாளில் கிரியாட்டினின் பதினொன்று, மருந்தளவு மூன்று, வைரஸ் ஒன்று, எதிர்ப்புப் பொருள் ஒன்று. மருந்தளவில் ஒன்று வீண். அது பேருந்து நிலையத்து டீயோடு போனது. வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்கு மறுபடியும் இரத்தம் எடுக்கும் நாள். சென்ற முறை 1.2.